ஆள் குறையும் ஜெபாலயம்: எந்த வழியைத் தேர்வது?

அமெரிக்காவின் நடுத்தர அளவிலான யூத ஜெபாலயங்கள் பலவற்றின் நிர்வாகக் குழுக்கள் இன்று ஏறத்தாழ ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டுகின்றன. உறுப்பினர் குடும்பங்கள் குறைகின்றன, வருகிறவர்களின் வயது ஏறுகிறது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் புறநகரில் பெரிய வாகன நிறுத்தத்தோடு கட்டிய கட்டடம் பராமரிப்புச் செலவில் கையைக் கடிக்கிறது. யூதக் குடும்பத்தில் மணம் செய்துகொண்டு, துணைவரோடு சபைக் கூட்டங்களுக்குப் போய்வரும் தமிழ் வாசகர் சிலர், தங்கள் சபையிலும் இந்த விவாதம் நடக்கிறது, முன்வைக்கப்படும் வழிகளில் எதை ஆதரிப்பதென்று தெரியவில்லை என்று கேட்டிருந்தார்கள். மரபுக்கும் மாற்றத்துக்கும் இடைப்பட்ட கன்சர்வேட்டிவ் பிரிவின் ஜெபாலயக் கூட்டமைப்பு 2017-இல், யூதரல்லாத துணைவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவை அந்தந்தச் சபைக்கே விட்டுவிட்டது. ஆகவே, கேட்டவர்களில் சிலர் வாக்களிக்கவும் நேரலாம்.

இங்கே பேசப்படுபவை கன்சர்வேட்டிவ், அதைவிடத் தாராளமான ரிஃபார்ம் ஆகிய பிரிவுகளின் சபைகள் மட்டுமே. மரபு விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள், வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் ஓய்வுநாளில் வாகனம் ஓட்டுவதில்லை; ஆகவே அவர்கள் ஜெபாலயத்திற்கு நடந்து போகும் தொலைவிலேயே வீடு பார்க்கிறார்கள், அந்த நெருக்கமே அவர்களுடைய சபையைக் கட்டிக்காக்கிறது. கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு 1950-இல், வழிபாட்டுக்கு வருவதற்கு மட்டும் ஓய்வுநாளில் கார் ஓட்டலாம் என்று இசைவு தந்தது. புறநகரில் சிதறிப் போன குடும்பங்களைப் பிடித்து வைக்க அன்று அது உதவியது என்றாலும், ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் ஒரே தெருவில் வாழ வேண்டிய தேவை அதோடு போயிற்று. இன்றைய சிக்கலில் பாதி அந்த வாகன நிறுத்தத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து.

## முதலில் அளவுகோல்கள்

வழிகளை எடைபோடுமுன் எதைக்கொண்டு எடைபோடுவது என்பதை முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான குழுக்கள் இதைச் செய்யாமல், பக்கத்து ஊர்ச் சபையில் பலித்ததை அப்படியே எடுத்துக்கொண்டு வருகின்றன.

முதல் அளவுகோல், இந்த வழி யாரைச் சென்றடைகிறது என்பது. ஒருபோதும் வராதவரா, மகனுக்கோ மகளுக்கோ பார் மிட்ஸ்வா, பாட் மிட்ஸ்வா என்னும் பதின்மூன்று வயது விழா முடிந்ததும் விலகிப் போகிறவரா, ஆண்டுக்கு மூன்று நாள் வந்து யாரையும் தெரியாமல் திரும்புகிறவரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது பணம்: முதலாண்டுச் செலவை மட்டும் பார்க்காமல் ஐந்தாம் ஆண்டு வரவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது உழைப்பு, அதாவது ராபி (சமயகுரு), அலுவலர், தொண்டர் ஆகியோரில் யார் தலையில் வேலை விழுகிறது என்பது. நான்காவது, இந்த மாற்றத்தால் மனம் நொந்து வெளியேறப்போகிறவர் யார் என்பது; கூட்டக் குறிப்பில் இது எழுதப்படுவதே இல்லை. ஐந்தாவது, தவறிப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது.

## வராதவர் ஏன் வரவில்லை?

பியூ ஆய்வு மையம் அமெரிக்க யூதர்களைப் பற்றி 2020-இல் எடுத்து 2021-இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பு இவ்விவாதத்திற்கு இன்றியமையாதது. யூதப் பெரியவர்களில் ஏறத்தாழ 35 விழுக்காட்டினரின் வீட்டில்தான் யாரேனும் ஒருவர் ஏதேனும் ஒரு ஜெபாலயத்தில் உறுப்பினர். மாதம் ஒருமுறையாவது வழிபாட்டுக்குப் போகிறவர்கள் ஐந்தில் ஒருவர். அதே சமயம், முந்தைய ஆண்டில், வசந்தகாலத்தில் வீட்டில் கொண்டாடும் பாஸ்கா விருந்தை நடத்தியவர்கள் அல்லது அதில் கலந்துகொண்டவர்கள் 62 விழுக்காடு. அப்படியானால் இவர்கள் யூத வாழ்விலிருந்து விலகியவர்கள் அல்லர். வீட்டு மேசையில் அமர்கிறார்கள், ஜெபாலய இருக்கையில் அமர்வதில்லை.

அரிதாக வருபவர்களிடம் காரணம் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் தமக்குச் சமய ஈடுபாடு இல்லை என்றார்கள். பாதிக்கு மேற்பட்டோர் தமது யூத அடையாளத்தை வேறு வழிகளில் வெளிப்படுத்துவதாகச் சொன்னார்கள். செலவு அதிகம் என்றவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நிர்வாகக் குழுக் கூட்டங்களில் மணிக்கணக்காக அலசப்படுவது சந்தா என்பதையும், வராதவர்கள் சொல்லும் காரணங்களில் சந்தா கீழ்வரிசையில் இருப்பதையும் சேர்த்துப் படித்தால், இனி வரும் ஒப்பீட்டின் போக்கு புரியும்.

## விருப்பச் சந்தா

அமெரிக்க ஜெபாலயங்களில் ஒரு காலத்தில் இருக்கைகளையே விலைக்கோ வாடகைக்கோ விட்டார்கள். முன்வரிசை பணக்காரருக்குப் போயிற்று. அந்த ஏற்றத்தாழ்வைப் போக்க இருபதாம் நூற்றாண்டில் பரவியதே குடும்பத்துக்கு இவ்வளவு என்ற ஆண்டுச் சந்தா. இன்று அது இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் வரை போவது சாதாரணம். கட்டட நிதியும் எபிரேயப் பள்ளிக் கட்டணமும் தனி. கட்ட முடியாதவருக்குச் சலுகை உண்டுதான். ஆனால் அதற்காக வருமான விவரத்தை நீட்டி, தெரிந்த முகங்கள் அமர்ந்திருக்கும் குழுவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருந்தால், கேட்பதைவிட ஓசையில்லாமல் விலகுவது எளிது என்று குடும்பங்கள் முடிவுசெய்துவிடுகின்றன.

விருப்பச் சந்தா முறையில், ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக எவ்வளவு வந்தால் வரவுசெலவு நேராகும் என்பதைச் சபை வெளிப்படையாக அறிவிக்கிறது; தரும் தொகையைக் குடும்பமே முடிவுசெய்கிறது, கேள்வி இல்லை. நியூயார்க்கின் யூஜேஏ ஃபெடரேஷன் என்னும் யூத நல அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வு இம்முறைக்கு மாறிய 26 சபைகளைக் கணக்கில் எடுத்தது. 2017-இல் அந்த எண்ணிக்கை 57 ஆகியிருந்தது. பலரும் அஞ்சியதுபோல வரவு சரிந்துவிடவில்லை. சராசரியாகப் பார்த்தால் உறுப்பினர் எண்ணிக்கையும் வரவும் சிறிதளவு கூடவே செய்தன. சிறிதளவு என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். அதோடு, மாறத் துணிந்தவை ஏற்கெனவே உறுப்பினரிடம் நம்பிக்கை பெற்றிருந்த சபைகளாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் மறக்கக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு உழைப்பில் இருக்கிறது. பட்டியல் அனுப்பிப் பணம் வாங்கிய அலுவலகம், இனி ஆண்டுதோறும் வீடுவீடாகத் தொலைபேசியில் பேச வேண்டும். ராபியின் சம்பளம் உட்பட வரவுசெலவு முழுவதையும் திறந்து காட்ட வேண்டும். முன்பு முழுத்தொகை கட்டியவர் குறைத்தால் அந்த இடைவெளியை இரண்டு மூன்று பெரிய கொடையாளர்கள் அடைக்க வேண்டிவரும், பிறகு அவர்கள் சொல்லுக்கு எடை கூடிவிடும். பின்வாங்குவதும் கடினம்: எவ்வளவு தந்தாலும் சரி என்று சொல்லிவிட்ட குடும்பத்துக்கு அடுத்த ஆண்டு பட்டியல் அனுப்ப முகம் வேண்டும்.

சலுகை கேட்கும் குடும்பங்கள் ஆண்டுதோறும் கூடிவருகின்றன, விலகுவோர் பணத்தையே காரணமாகச் சொல்கிறார்கள் என்றால் இதுவே முதல் வழி. உள்ளே இருப்பவரை வெளியேறாமல் தடுக்க இது உதவும். வெளியே இருப்பவரை இது உள்ளே அழைத்து வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

## வழிபாட்டைப் புதுப்பித்தல்

கன்சர்வேட்டிவ் ஜெபாலயம் ஒன்றில் சனிக்கிழமைக் காலை வழிபாடு ஏறத்தாழ மூன்று மணி நேரம், பெரும்பகுதி எபிரேயத்தில் நடக்கும். புதிதாக வந்தவர் பக்க எண் அறிவிக்கப்படும்போதெல்லாம் வலமிருந்து இடமாகத் தாள் புரட்டி, எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் அரைநொடி பிந்தி எழுந்து, மற்றவர் அமர்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பார். இதை மாற்றினால் கூட்டம் வரும் என்ற எண்ணம் இயல்பானது. அதற்குப் பெயர்பெற்ற சான்றுகளும் உண்டு.

1825-இல் நிறுவப்பட்ட நியூயார்க்கின் பெனே யெஷூருன் சபை, 1980-களில் ஏறக்குறைய அணைந்துபோகும் நிலையில் இருந்தது. அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சிக் காலத்தில் மனித உரிமைக்காகக் குரல்கொடுத்த ராபி மார்ஷல் மேயர் 1985-இல் அங்கே பொறுப்பேற்றார். 1991-இல் ஜெபாலயத்தின் மேற்கூரை சரிந்து, சபை பக்கத்து மெதடிஸ்ட் தேவாலயத்தில் வழிபட வேண்டியிருந்தபோதும் வெள்ளி மாலைக் கூட்டம் பெருகியது. 1993-இல் மேயர் மறைந்த பின்னும் அது நிற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸின் சினாய் டெம்பிளில் ராபி டேவிட் வோல்பியும் இசைக்கலைஞர் கிரெய்க் டாப்மனும் 1998-இல் தொடங்கிய மாதாந்திர வெள்ளி இரவு இசை வழிபாட்டுக்கு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

நாடெங்கும் உள்ள சபைகள் இவற்றைப் பார்த்து கிட்டாரும் மேளமும் வாங்கின. ஆனால் மேயர் கொண்டுவந்தது இசை மட்டுமன்று. சபையைச் சமூகப் பணியில் இறக்கினார். ஏழைகளுக்கும் வீடற்றோருக்கும் செய்யும் பணி அங்கே வழிபாட்டின் தொடர்ச்சியாக இருந்தது. அதைவிட முதன்மையானது, மன்ஹாட்டனின் மேற்குப் பகுதியில் நடந்து வரும் தொலைவில் தனியாக வாழ்ந்த இளம் யூதர்கள் பெருந்தொகையினராக இருந்தது. இசையை விலைக்கு வாங்கலாம், அக்கம்பக்கத்தை வாங்க முடியாது.

செலவை எண்ணினால், நல்ல இசைக்குழுவும், வழிபாட்டைப் பாடி நடத்தும் பயிற்சிபெற்ற கேன்டரும் ஒலியமைப்பும் ஆண்டுதோறும் தொடரும் செலவுகள். ஓய்வுநாளில் இசைக்கருவி மீட்டுவது ரிஃபார்ம் சபைகளில் பழகிப்போனது. கன்சர்வேட்டிவ் சபைகளில் அது இன்னும் மனக்கசப்பை உண்டாக்கும் கேள்வி. அங்கே முதலில் மனம் நோகிறவர் யார் என்று பார்த்தால், சனிக்கிழமை தவறாமல் வந்து, தோரா என்னும் மறைச்சுருளை வாசிக்கத் தெரிந்து, காலை வழிபாட்டுக்குப் பத்தாவது ஆளாக வந்து நிற்கிற அந்த முப்பது பேர்தான். மாதம் ஒருமுறை வரப்போகும் இருநூறு பேருக்காக வாரந்தோறும் வரும் முப்பது பேரை இழப்பது கணக்கில் இலாபமாகத் தெரியலாம். தந்தையை இழந்த ஒருவர் பதினொரு மாதம் கதீஷ் என்னும் இரங்கல் வேண்டுதலைச் சொல்ல, பத்துப் பேர் கொண்ட மின்யான் என்னும் வழிபாட்டுக் கூட்டம் தேவைப்படும் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கணக்கு பொய்த்துப்போகும்.

ஆகவே, இருக்கும் வழிபாட்டை மாற்றாமல் அதன் பக்கத்திலேயே இன்னொன்றைத் தொடங்குவதே இதில் பாதுகாப்பான வடிவம். அது பலிக்காவிட்டால் ஓர் ஆண்டில் நிறுத்திவிடலாம் என்பது இந்த வழியில் உள்ள வசதி. இளைஞர்கள் குடியிருக்கும் நகர்ப்பகுதியில் இருக்கும் சபைக்கு இது பொருந்தும். பள்ளிப்பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிகளுக்காகச் சனிக்கிழமை முழுவதும் காரிலேயே கழிக்கும் புறநகர்க் குடும்பங்களுக்கு, எவ்வளவு இனிய இசையானாலும் அது விடையாகாது.

## சிறு குழுக்களும் நேர்ச்சந்திப்பும்

வழிபாடு முடிந்ததும் கிடுஷ் என்னும் சிற்றுண்டி நடக்கும் கூடத்தைச் சற்று நேரம் கவனித்தால், ஒரு சபையின் நோய் தெரிந்துவிடும். ஹெர்ரிங் மீனும் பேகலும் நூடுல்ஸ் கூகலும் வைத்த மேசைகளைச் சுற்றி, முப்பது ஆண்டுகளாக அதே நாற்காலிகளில் அமரும் நண்பர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். புதிதாக வந்த தம்பதி காகிதத் தட்டோடு காபிப் பாத்திரத்தின் அருகே நின்று, சுவரில் மாட்டியிருக்கும் முன்னாள் தலைவர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த மேசைகளில் இருப்பவர்களைக் கேட்டால், எங்கள் சபைபோல வரவேற்கும் சபை வேறில்லை என்று மனமாரச் சொல்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

யூதக் கல்வியாளர் ரான் வுல்ஃப்சன் 2013-இல் முன்வைத்த உறவுவழி யூத வாழ்வு என்ற அணுகுமுறை, இந்தக் காபிப் பாத்திரத்தருகே நிற்பவரிடமிருந்துதான் தொடங்குகிறது. நிகழ்ச்சிகளைப் பெருக்குவதை நிறுத்துங்கள், ஆட்களை ஒவ்வொருவராகச் சந்தித்து அவர்கள் கதையைக் கேளுங்கள், பிறகு அவர்களைப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாக ஒருவரோடு ஒருவர் இணையுங்கள் என்பதே அதன் சாரம். கலிஃபோர்னியாவின் சாடில்பேக் என்னும் கிறிஸ்தவப் பெருஞ்சபை, ஞாயிறு கூட்டத்தைவிட வீட்டுக் குழுக்களால் நிலைத்து நிற்பதை நேரில் பார்த்துக் கற்றது இதில் கணிசம். ஆனாலும் யூதர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. 1968-இல் பாஸ்டன் அருகே ஹவுராத் ஷாலோம் என்ற தோழமைக் குழு தோன்றியது. கலிஃபோர்னியாவின் என்சினோவில் ராபி ஹரால்ட் ஷூல்வைஸ் 1970 வாக்கில் தமது பெரிய சபையையே பத்துப் பத்துக் குடும்பங்கள் கொண்ட, ஹவுரா எனப்படும் தோழமைக் குழுக்களாகப் பிரித்தார்.

கணக்கு எளிது. 250 குடும்பங்கள் உள்ள சபை என்று வைத்துக்கொள்வோம். ராபி மட்டும் வாரத்துக்கு மூன்று குடும்பங்களைச் சந்தித்தால் 84 வாரங்கள் ஆகும். நிர்வாகக் குழுவினர் பதினைந்து பேரும் வாரத்துக்கு ஒரு குடும்பத்தோடு காபி குடித்தால் 17 வாரங்களில் முடிந்துவிடும். பணச்செலவு காபி விலைதான். ஆனால் இந்த வழி நின்றுபோகும் இடமும் இதுவே. வரவுசெலவு அட்டவணையில் மணிக்கணக்காக உழல ஆயத்தமாக உள்ள குழு உறுப்பினர்கள், முகம் தெரியாத ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் தயங்குகிறார்கள். தயக்கத்தைக் கடந்து சந்தித்தாலும், கேட்டதைக் குறித்து வைத்து, அவரைப் பொருத்தமான இன்னொருவரோடு இணைத்துவிட ஆள் வேண்டும். அதற்கு அரைநேர ஊழியர் ஒருவரையாவது அமர்த்தாமல் இது ஓராண்டுக்கு மேல் ஓடாது என்பதே மறைந்திருக்கும் செலவு.

இரண்டு இடர்கள் பழைய ஹவுராக்களிலேயே காணக் கிடைத்தவை. நன்றாக ஒட்டிக்கொண்ட குழு, சில ஆண்டுகளில் புதியவரைச் சேர்க்காத மூடிய வட்டமாகிவிடும். கிடுஷ் மேசையின் நோய் வீட்டுக் கூடத்துக்கு இடம்பெயரும். அடுத்தது, குழுவே ஓய்வுநாள் விருந்தும் பாஸ்காவும் நடத்திக்கொள்ளும்போது, ஜெபாலயத்துக்கு எதற்குச் சந்தா என்ற கேள்வி எழும். இவற்றைத் தடுக்கக் குழுக்களுக்குத் தொடக்கத்திலேயே கால வரம்பு வைக்கலாம். ஆறு மாதம் கழிந்தபின் தொடர்வதா கலைவதா என்று கேட்பதால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

இவ்வளவுக்குப் பிறகும், பதின்மூன்று வயது விழா முடிந்ததும் குடும்பங்கள் விலகும் சபைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பங்கள் ஒரு சேவைக்காகச் சந்தா கட்டின. சேவை முடிந்தது, சந்தாவும் முடிந்தது. நான்கு ஆண்டு எபிரேயப் பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போன அந்தப் பெற்றோருக்கு, அதே வாசலில் நின்ற இன்னும் நான்கு பெற்றோரோடு நட்பு ஏற்பட்டிருந்தால் விலகும் முடிவு இவ்வளவு எளிதாக இராது. யூதரல்லாத துணைவருக்கும் இவ்வழியே இணக்கமானது. மின்யானில் எண்ணப்படாதவர், தோரா வாசிக்க அழைக்கப்படாதவர், ஒரு வீட்டு மேசையில் மற்றவரோடு சமமாக அமர முடியும். 2010-க்குப் பின் மணமுடித்த அமெரிக்க யூதர்களில் பத்தில் ஆறு பேரின் துணைவர் யூதரல்லர் என்று மேற்சொன்ன கணிப்பு கூறும்போது இதைச் சிறு விஷயமாகத் தள்ள முடியாது.

## உறுப்பினர் முறை இல்லாத திறந்த வாசல்

சபாத் லுபாவிச் என்னும் ஹசிதிய இயக்கம் உறுப்பினர் பட்டியலே இல்லாமல் வளர்ந்தது. ஓர் ஊருக்கு அனுப்பப்படும் ராபியும் மனைவியும் பொதுவாக வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கி, வெள்ளி இரவு தம் வீட்டு மேசையில் யார் வந்தாலும் உணவிடுகிறார்கள். செலவுக்கான நன்கொடையை உள்ளூரிலேயே திரட்டிக்கொள்கிறார்கள். ஆண், பெண் தனித்தனியே அமரும் ஆர்த்தடாக்ஸ் வழிபாடு அது. இருந்தும், அமெரிக்க யூதர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் எப்போதேனும் அவர்கள் நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறார்கள். இதைப் பார்த்து நாமும் சந்தாவை எடுத்துவிடலாம் என்கிற குழு உறுப்பினர்கள், மாறுதல் கேட்காமல் வாழ்நாளையே ஒரே ஊருக்குத் தரும் தம்பதியை எங்கிருந்து கொண்டுவருவது என்பதையும் சொல்ல வேண்டும்.

வாஷிங்டனின் சிக்ஸ்த் அண்ட் ஐ இன்னொரு வகை. 1908-இல் ஜெபாலயமாகத் திறக்கப்பட்ட கட்டடம் அது. 1951-இல் கறுப்பினக் கிறிஸ்தவச் சபையொன்றின் கைக்குப் போய், பின்னர் இரவு விடுதியாக மாறவிருந்த வேளையில் உள்ளூர்த் தொழிலதிபர் மூவரால் வாங்கப்பட்டு, 2004-இல் மீண்டும் திறந்தது. உறுப்பினர் கிடையாது, வழிபாடு, வகுப்பு, எழுத்தாளர் உரை, இசை நிகழ்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் வேண்டியவர் வருகிறார்கள். மாறி மாறி ஊர் பெயரும் இளைஞர்கள் நிறைந்த தலைநகர மையத்துக்கு இது அளந்து தைத்த சட்டை. புறநகர்ச் சபையொன்று இதைப் பின்பற்றினால், நிலையான வரவை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் நன்கொடையாளரைத் தேடி அலையும் நிலைக்கு வந்துசேரும்.

## இணைப்பும் கட்டடப் பகிர்வும்

இணைப்பைத் தோல்வியின் ஒப்புதலாகவே குழுக்கள் பார்க்கின்றன, ஆகவே கடைசியாகத்தான் பேச எடுக்கின்றன. கடைசியில் எடுப்பதால்தான் அது தோல்விபோல முடிகிறது. கையில் சேமிப்பும் நூற்றைம்பது குடும்பங்களும் இருக்கும்போது இணையப் போகிற சபை, பெயர், வழிபாட்டு முறை, ராபி ஒப்பந்தம் எல்லாவற்றையும் சமமாக அமர்ந்து பேசலாம். நாற்பது குடும்பங்களும் கடனுமாகப் போகிற சபை, தருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

செயின்ட் லூயிஸில் ஷாரே ஸெடெக், பிரித் ஷாலோம் க்னெஸெத் இஸ்ரேல் என்னும் இரண்டு கன்சர்வேட்டிவ் சபைகள் 2013-இல் இணைந்தபோது, இரண்டில் ஒன்றின் பெயரைத் தொடராமல் கோல் ரினா என்ற புதுப்பெயரில் தொடங்கின. ஒன்று மற்றொன்றை விழுங்கிற்று என்ற பேச்சைக் குறைக்க இது நல்ல வழி. இணையாமலும் ஒரே கூரையின்கீழ் வாழலாம். மிச்சிகனின் ஆன் ஆர்பரில் டெம்பிள் பெத் எமெத் என்ற ரிஃபார்ம் சபையும் செயின்ட் கிளேர் எபிஸ்கோபல் கிறிஸ்தவச் சபையும் 1970-களிலிருந்து ஒரே கட்டடத்தைக் கூட்டாக வைத்திருக்கின்றன. ஒன்றுக்கு வெள்ளி, சனி, மற்றொன்றுக்கு ஞாயிறு என்பதால் கூடத்துக்குச் சண்டை இல்லை.

பிட்ஸ்பர்க்கில் நியூ லைட் சபை தன் கட்டடத்தை விற்றுவிட்டு 2017-இல் ட்ரீ ஆஃப் லைஃப் சபையின் கட்டடத்தில் வாடகைக்குக் குடியேறியது. டோர் ஹதாஷ் சபையும் அங்கேயே கூடியது. 2018 அக்டோபர் 27 அன்று அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று சபைகளையும் சேர்ந்த 11 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மூன்று சபைகளுக்கும் பக்கத்து ஜெபாலயங்களே இடமளித்தன. அந்நிகழ்வுக்குப் பின் அமெரிக்க ஜெபாலயங்கள் பெரும்பாலும் காவலரும் கண்காணிப்புக் கருவியும் இல்லாமல் வரவுசெலவு போடுவதில்லை; கூட்டரசின் பாதுகாப்பு மானியத் திட்டம் உண்டென்றாலும் விண்ணப்பித்து, காத்திருந்து பெற வேண்டியது அது. இரண்டு கட்டடங்களை ஒன்றாக்கும்போது மிச்சமாகும் தொகையில் இதுவும் சேரும்.

மறைந்திருக்கும் செலவுகள் இவ்வழியில்தான் மிகுதி, அவற்றில் பெரும்பாலானவை பணமல்ல. மறைந்தவர் பெயர் பொறித்த வெண்கலத் தகடுகள் எந்தச் சுவருக்குப் போகும்? ஒரு சபையின் சமையலறை கோஷர் என்னும் உணவு விதியைக் கண்டிப்பாகவும் மற்றது தளர்வாகவும் கடைப்பிடித்தால் எதன் விதி நிற்கும்? கல்லறைத் தோட்டத்தில் வாங்கி வைத்த இடங்களுக்குப் பொறுப்பு யாருடையது? தோராச் சுருள்கள் இருபது சேர்ந்துவிட்டால் மிச்சத்தை யாருக்குத் தருவது? இவற்றை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால், வாக்கெடுப்பில் தொண்ணூறு விழுக்காடு ஆதரித்த குடும்பங்களும் முதல் ஆண்டிலேயே வேறு சபை தேடும். திரும்பிப் போக வழியும் இல்லை. விற்ற கட்டடம் விற்றதுதான்.

கட்டடத்தை எப்பாடுபட்டேனும் காப்பதே மரபைக் காப்பது என்று வாதிடுவோருக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியை நினைவூட்டலாம். 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் நீல ஓடுகளும் சரவிளக்குகளுமாக இன்றும் பளிச்சென்று நிற்கிறது. அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பின் எஞ்சியவர்களைக் கொண்டு, பத்துப் பேர் சேர்ந்து வழிபட முடியாத நிலை அங்கே வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

## ஒரே பார்வையில்

| வழி | யாரைச் சென்றடையும் | பணம் | உழைப்பு யாருக்கு | யார் விலகக்கூடும் | திரும்ப முடியுமா |
|---|---|---|---|---|---|
| விருப்பச் சந்தா | பணத்தால் விலக இருப்பவர் | முதலாண்டில் ஐயம், பிறகு ஏறத்தாழ சமம் | அலுவலகம், பொருளாளர் | முழுத்தொகை கட்டி வந்தவர் சிலர் | கடினம் |
| புதிய வழிபாடு | அருகில் வாழும் இளைஞர் | தொடர்செலவு | ராபி, கேன்டர் | வாராவாரம் வரும் மூத்தோர் | எளிது, தனியாக நடத்தினால் |
| சிறு குழுக்கள் | வந்தும் ஒட்டாதவர், கலப்பு மணக் குடும்பம் | குறைவு, ஓர் ஊழியர் சம்பளம் | நிர்வாகக் குழு முழுவதும் | அரிதாகவே எவரும் | எளிது |
| திறந்த வாசல் | ஊர் மாறும் இளைஞர் | பெருங்கொடை இன்றி இயலாது | நன்கொடை திரட்டுவோர் | சந்தா கட்டி வந்தவர் | மிகக் கடினம் |
| இணைப்பு | இருப்பவரைக் காக்கும் | நீண்ட காலத்தில் மிச்சம் | வழக்கறிஞர், இரு குழுக்கள் | கட்டடத்தோடு ஒட்டியவர் | முடியாது |

## எந்த நிலையில் எது

சபையில் அடுத்த ஐந்து ஆண்டுச் செலவுக்கான சேமிப்பு இல்லை, குடும்பங்கள் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்குகின்றன, அதே பிரிவைச் சேர்ந்த இன்னொரு சபை அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது என்றால், மற்ற வழிகளைப் பரிசோதிப்பதில் காலம் கடத்தாமல் இணைப்புப் பேச்சை இப்போதே தொடங்குவது நல்லது. அருகில் வேறு சபையே இல்லாத சிற்றூர்களின் நிலை வேறு. அலபாமாவின் டோதன் நகரில் 2008-இல், குடிவந்து சபையில் சேரும் யூதக் குடும்பத்துக்கு 50,000 டாலர் வரை தருவதாக அறிவித்தார்கள். அதற்குப் பின்னால் வசதியான ஒரு புரவலர் குடும்பம் இருந்தது. அப்படி ஒருவர் கிடைக்காத ஊருக்குக் கட்டடப் பகிர்வே கைக்கெட்டும் வழி.

பணம் தாக்குப்பிடிக்கும், ஆனால் உயிரோட்டம் இல்லை என்ற நிலையில் உள்ள சபைக்கு, சிறு குழுக்களையும் நேர்ச்சந்திப்பையும் முதலில் வைப்பேன். சந்தா மாற்றத்தை அதன் பிறகே கொண்டுவர வேண்டும். வரிசை தலைகீழானால், யாரையும் அறியாத குடும்பத்திடம் விருப்பம்போல் தரச் சொல்கிறோம். அது விருப்பம்போலவே தரும். சந்திப்புகளில் என்ன தெரியவருகிறது என்பதைப் பொறுத்து வழிபாட்டைத் தொடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யலாம். யாரும் இசையைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் கிட்டாருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

நாள்காட்டியையும் கணக்கில் கொள்ள வேண்டும். பல ஜெபாலயங்களின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது; சந்தாக் கடிதம் கோடையில் போகிறது; யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவும் நோன்பு நாளான யோம் கிப்பூரும் செப்டம்பர், அக்டோபரில் வந்து, ஆண்டிலேயே அதிகம் பேரைக் கட்டடத்துக்குள் கொண்டுவருகின்றன. அந்த நாட்களில் வந்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு அக்டோபரில் சந்திப்பைத் தொடங்கினால், மேலே கணக்கிட்ட 17 வாரங்கள் பிப்ரவரியில் நிறைவடையும். சந்தா குறித்த வாக்கெடுப்பை மார்ச்சில் வைக்கலாம். பாஸ்காவுக்குப் பிறகு எடுக்கும் எந்த முடிவையும் அதற்கடுத்த நிதியாண்டுக்கு என்று வைத்துக்கொள்வதே உசிதம்.